பினியன் ஆழம்: அளவுக்கருவியா, பூச்சுத் தடமா?

டிஃபரன்ஷியலை (வண்டிச் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பிரித்துக் கட்டும்போது, அளவுக்கருவி சிறிய பல்சக்கரமான பினியனின் முகப்புக்கும் அது சுழற்றும் பெரிய கிரவுன் சக்கரத்தின் மைய அச்சுக்கும் உள்ள தூரத்தை அளந்து, தேவையான ஷிம்மின் (பினியனின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடு) தடிமனை முதலிலேயே சொல்லிவிடும். வேகமான வழி, கருவிதான் எல்லோரிடமும் இருப்பதில்லை.

பூச்சு முறைக்குத் தடம் காட்டும் வண்ணப் பசையும் பொறுமையும் போதும். கிரவுன் சக்கரத்தின் பற்களில் தடவி, லேசாக எதிர்விசை கொடுத்துச் சுழற்றினால் தடம் விழும். அது பல்லின் அடிப்பகுதியில் பதிந்தால் பினியன் கிரவுன் சக்கரத்தை அதிகம் நெருங்கியிருக்கிறது. மேல் விளிம்பில் பதிந்தால் விலகி நிற்கிறது. தொல்லை என்னவென்றால், பல வடிவமைப்புகளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பினியன் பேரிங்கைப் பிடுங்கித்தான் ஷிம்மை மாற்ற வேண்டும். உள்துளையைச் சற்றே பெரிதாக்கிய பழைய பேரிங் ஒன்று ஒத்திகைக்கு இருந்தால் பாதி எரிச்சல் குறையும்.

கருவி கிடைத்தால் அதில் தொடங்குவேன். ஆனால் இறுதித் தீர்ப்பு தடத்துக்கே: பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று கருவிக்குத் தெரியாது. தேய்ந்த பழைய சக்கரங்களில் மட்டும் தடம் குழப்பும். அங்கே பழைய ஷிம்மிலிருந்தே தொடங்குங்கள்.