சேன்-கடோ: ஓதம் பார்த்துப் போக வேண்டிய தீவு

பிரான்சின் பிரிட்டனியில், மோர்பியான் பகுதியில், எத்தேல் கழிமுகத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும் குட்டித் தீவு சேன்-கடோ. பெல்ஸ் ஊரைச் சேர்ந்தது. நடந்து சுற்ற அரை மணி நேரம் தாராளம். ஆனாலும் மூன்று, நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். காரணம் ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது.

நீர் ஏறி நிற்கையில் கற்பாலமும், நீலக் கதவு வைத்த ஒற்றை வீடு நிற்கும் நிக்தார்கேர் திட்டும் அஞ்சலட்டைப் படம் போலவே இருக்கும். வற்றிவிட்டால் சுற்றிலும் சேறு, பாசி வாடை. அதற்காக ஏற்றத்தில் வந்து உடனே கிளம்பினால் ஊரின் பாதியைத் தவறவிடுவீர்கள்: ஆலயத்துக்குக் கீழே கரையோரம் இருக்கும் கடோ புனிதரின் நீரூற்று அப்போது தண்ணீருக்குள் போய்விடும். உச்ச ஏற்றத்துக்கு வந்து, படம் எடுத்து, ஆலயம் பார்த்துவிட்டு, நீர் இறங்க இறங்க ஊற்றுக்குப் போவதே சரியான வரிசை.

ஓத அட்டவணையில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். சில அட்டவணைகள் ஆண்டு முழுக்கக் குளிர்கால நேரத்திலேயே அச்சாகின்றன. கோடையில் 1 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது, கழிமுகத்தின் வாய் குறுகல். வெளிக்கடலில் நீர் உச்சம் தொட்டுச் சிறிது நேரம் கழித்துத்தான் உள்ளே உச்சம் வரும். கூடவே அச்சிட்டிருக்கும், ஓதத்தின் வலிமையைக் காட்டும் ஓதக் குணக எண்ணையும் பாருங்கள். அது 20 முதல் 120 வரை போகும். 95ஐ ஒட்டி இருந்தால் பெரிய ஏற்ற இறக்கம், 45க்குக் கீழே என்றால் மந்தம்.

ஆலயம் ரோமனெஸ்க் பாணி: தடித்த சுவர், சின்ன ஜன்னல். வெயிலிலிருந்து நுழைந்தால் கண் பழகச் சற்று நேரமாகும். உள்ளே தேட வேண்டியது 'கடோவின் படுக்கை' என்னும் கல். காது கேளாதவர்கள் அதன் துளையில் காதை வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். கடோ 6ஆம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து வந்த துறவி. பாலம் கட்டித்தரும் சாத்தான் முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்க, அவர் ஒரு பூனையை அனுப்பி ஏமாற்றினாராம். பூனையின் பாடுதான் பாவம்! ஆலயத்துக்கு வெளியே உள்ள கல்வாரிச் சிலுவை மேடை ஒரு பார்வைக்குப் போதும்.

டி.ஜி.வி. அதிவேக ரயில் நிற்கும் ஓரே (Auray) நகர நிலையத்திலிருந்து சுமார் 15 கி.மீ.; கார் இருந்தால் நிம்மதி. வண்டியைப் பாலத்துக்கு இக்கரையிலேயே விட்டுவிட்டு நடங்கள், தீவின் சந்துகள் குறுகல். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு 'பர்தோன்' திருவிழா; பவனி பார்க்க அருமையான நாள், அமைதி தேடுபவர்களுக்கு ஆகாத நாள்.

கழிமுகத்துச் சிப்பியைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். எண் ஏற ஏறச் சிப்பி சிறுக்கும்: 3ஆம் எண் 66 முதல் 85 கிராம், புதிதாகச் சாப்பிடுபவருக்கு 4ஆம் எண் போதும். ஊற்றுக்கு இறங்கும் கற்களில் பாசி படிந்திருக்கும், ரப்பர் அடி செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நிக்தார்கேர் வீட்டுக்குச் சேற்றில் நடந்து போகப் பார்க்க வேண்டாம், கால் புதையும்.