பெட்டியை ஒரே ஆளாகத் தூக்க முடியுமா?

என் பெரோடுவா மைவி காரில் சப்ஊஃபர் (பேஸ் ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) போடலாம் என்று இறங்கியபோது என் பர்ஸுக்கு எட்டியவை மூன்று. சீட்டுக்கு அடியில் தட்டையாகப் படுத்துக்கிடக்கும், ஆம்ப்பும் (ஒலிக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே அடங்கிய சின்ன சப். 10 அங்குல சீல்டு பெட்டி, அதாவது காற்றுப் போகாமல் மூடியது. 12 அங்குல போர்ட்டட் பெட்டி, அதாவது காற்று வெளியேறக் குழாய் வைத்தது. மூன்றாவதைப் பழைய புரோட்டான் சாகா காரில் நாலு வருஷம் சுமந்தவன் நான். இப்போது மைவியில் இருப்பது இரண்டாவது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

சீட்டடி சப்பை முதலில் பேசி முடித்துவிடலாம். மச்சான் காரில் அதுதான். பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ வரை ஒருமுறை போய்த் திரும்பியதுதான் எனக்கு அதனோடு உள்ள பழக்கம். டவுனுக்குள் குறை சொல்ல முடியாது. கம்பெனி ஸ்பீக்கரில் காணாமல் போகும் தவிலின் அடி திரும்பி வந்துவிடுகிறது. பிளஸ் ஹைவேயில் 110-ஐத் தொட்டதும் டயர் இரைச்சல் பாதியை விழுங்கிவிடுகிறது. நாலு விரல் உயரப் பெட்டி, அதற்குமேல் எவ்வளவு காற்றைத் தள்ளும்? இன்னொன்று நம் ஊர் மழை. நனைந்த செருப்போடு ஏறி ஏறி கார்ப்பெட் ஈரமாகும் இடத்தில்தான் ஆம்ப்பும் இருக்கிறது. பூட் (டிக்கி) முழுசாக வேண்டும் என்பவர்கள் இதையே வாங்கட்டும்.

போர்ட்டட் பெட்டிக்குச் சத்தம் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஸ்பீக்கர் கூம்பின் பின்பக்கக் காற்றையும் ஒரு குழாய் வழியே வெளியே விட்டு வேலை வாங்குவதால், குழாயை ட்யூன் செய்த அலைவரிசைக்குப் பக்கத்தில் அதே வாட்ஸுக்கு 3 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தாலும் வியப்பில்லை. ஆம்ப்பின் சக்தியை இரண்டு மடங்காக்குவதற்கு அது சமம். அந்த அலைவரிசைக்குக் கீழே இறங்கினால்தான் வம்பு. சத்தம் ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் என்று சரியும். கூம்போ பின்னால் பிடிமானம் இல்லாமல் கன்னாபின்னாவென்று ஆடும். மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் வால்யூமைத் திருகினால் டிரைவர் (பெட்டியில் பொருத்திய ஸ்பீக்கர்) கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சீல்டில் சரிவு 12 டெசிபல்தான். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கூம்பைப் பிடித்துக்கொள்கிறது. காரின் உட்புறம் சின்ன அறை வேறு. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதுவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். மைவி ஹேட்ச்பேக், பூட்டும் நாம் உட்காரும் இடமும் ஒரே அறை. சீல்டு பெட்டி இழப்பதில் நல்ல பங்கைக் கார் திருப்பித் தந்துவிடுகிறது.

நான் சோதித்தது உறுமி மேளத்தில். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுக்கும்போது ஏறி இறங்குமே ஒரு முனகல், அதுதான் என் அளவுகோல். சாகாவில் அந்த இழுப்பெல்லாம் கரைந்து, பெட்டிக்குப் பிடித்த ஒரே சுருதியில் ‘தும்’ என்று விழும். மைவியில் இழுப்பு இழுப்பாகவே கேட்கிறது. சத்தம் கொஞ்சம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். டிராஃபிக் லைட்டில் பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் போர்ட்டட்தான் வாங்க வேண்டும்.

ஆனால் நான் மாறியது சத்தத்துக்காக இல்லை, எடைக்காக.

சாகாவில் இருந்த பெட்டி 60 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம், 40 ஆழம். மர நாரை அழுத்திச் செய்த 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை. டிரைவரோடு சேர்த்து 26 கிலோவைத் தொடும். ‘ஆடாம இருக்கணும் பாஸ்’ என்று சொல்லி, கடைக்காரர் பூட் தரையில் நாலு ஸ்குரூ வைத்து இறுக்கிவிட்டார். ஈப்போவில் ஒரு கல்யாணம் முடிந்து வந்த இரவில், ஜூரு டோலைத் தாண்டியதும் பின் டயர் போனது. ஸ்பேர் டயர் பெட்டிக்கு அடியில். ஜாக்கும் அங்கேதான். ஸ்குரூடிரைவர் வீட்டில். ஒரு லோரிக்கார அபாங் (மலாய்க்கார அண்ணன்) வண்டியை நிறுத்தி, ஸ்குரூடிரைவரும் கொடுத்து, பெட்டியைத் தூக்கி ரோட்டோரம் வைக்கக் கையும் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஃபோன் வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்ற என் மனைவி பட்டுப்புடவையோடு காரில் ஏறும்போது சொன்னது: “அடுத்த தடவ பாட்டுப் பொட்டியா, டயரான்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டு கெளம்புங்க.”

சாகாவை விற்கப் போனபோது இரண்டாவது அடி. பெட்டியைக் கழற்றியாயிற்று, ஓட்டை நாலும் அப்படியே. ஓட்டையைச் சுற்றித் துரு. செகண்ட் ஹேண்ட் கார்க்காரர் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு 300 வெள்ளியை (ரிங்கிட்) குறைத்தார். ரேடியோவுக்குப் பின்னால் வெட்டி முறுக்கி டேப் சுற்றிய வயரைப் பார்த்து முகத்தைச் சுளித்தது தனி.

இப்போதைய பெட்டி 14 கிலோ. ஓட்டை எதுவும் போடவில்லை. அடியில் வெல்குரோ, மேலே சீட் கொக்கியில் மாட்டிய பட்டை. பட்டையை விட்டுவிடாதீர்கள், சடன் பிரேக்கில் 14 கிலோ முன்னால் பறக்கும். ஸ்பீக்கர் வயருக்கு ஸ்பீக்கான் பிளக், திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆம்ப் பின்சீட்டின் முதுகில். இரண்டு நிமிஷத்தில் பூட் காலி. மைவியின் பூட்டே 277 லிட்டர்தான். பழைய பெட்டி வந்திருந்தால் அதற்கே 96 லிட்டர் போயிருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் 10 கிலோ அரிசிப் பை, முறுக்கு டின், மாமியார் பெட்டி எல்லாம் ஏற வேண்டிய கார் இது.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். என் ஆம்ப் 300 வாட்ஸ், 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன். கம்பெனி ரேடியோவில் ஆர்சிஏ (ஆம்ப்புக்குச் சிக்னல் எடுக்கும் சாக்கெட்) இல்லையென்றால் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் வாங்கும் வசதி) உள்ள ஆம்ப்பாகப் பார்த்து வாங்கி, வயரை வெட்டாமல் சாக்கெட் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கூலி 50 வெள்ளி கூடும், கொடுத்துவிடுங்கள். டிரைவர், ஆம்ப், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,050 வெள்ளி ஆனது.

12 அங்குல சீல்டு எப்படி என்று மச்சான் கேட்கிறான். பெட்டி 30 லிட்டருக்குள் அடங்கும் என்பதால் அதுவும் தூக்கக்கூடியதுதான், ஆனால் அதை வைத்து ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

மாட்டிய முதல் நாள் பின்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து, சப்தான் கிழிந்துவிட்டதோ என்று பயந்தேன். நம்பர் பிளேட். அதன் பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் நின்றது.