ரெஜிமென்ட் பேட்ஜை வெள்ளியில் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். அவருடைய தொப்பி பேட்ஜ் அம்மிச்சியின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்தது. கேடயத்தின் மேல் யானை, பின்னால் குறுக்காக இரண்டு வாள். 1803 அசாயே போரில் காட்டிய வீரத்துக்காகக் கிடைத்த யானை அது என்பதை, குன்னூர் பக்கத்து வெல்லிங்டனில் பயிற்சி எடுத்த கதையோடு சேர்த்து எத்தனை தடவை கேட்டிருப்போமோ. அதேபோல வெள்ளியில் ஒரு டாலர் செய்து, அம்மிச்சியின் 80-வது பிறந்தநாளுக்குப் போட்டுவிட ஆசைப்பட்டேன்.

பாலக்காட்டில் ஒரு பட்டறை. மெழுகில் கையால் செதுக்கி, 92.5 சதவீத வெள்ளியில் வார்த்துத் தருவதாகப் பேச்சு. "ஏட்டா, வெள்ளிதானே?" என்று கேட்டேன். "பின்னல்லாதே!" (பின்னே வேறென்ன!) என்றார். எடை 32 கிராம், கூலியோடு 9,400 ரூபாய். கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. பில் கேட்காதது என் முதல் மடத்தனம். அளவு பார்க்கவென்று பேட்ஜையும் விட்டுவிட்டு வந்தது இரண்டாவது.

டாலர் பளபளவென்று வந்தது. பின்னால் 925 என்று முத்திரைகூட இருந்தது. ஆனால் யானையின் தந்தமும் தும்பிக்கையும் ஒட்டிக் கிடந்தன, வாளின் பிடி மழுங்கியிருந்தது. பேட்ஜோடு வைத்துப் பார்த்தால் டாலர் ஒரு நூல் சின்னது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் செதுக்கவே இல்லை. பேட்ஜை ரப்பரில் அழுத்தி அச்செடுத்திருக்கிறார். அப்படிச் செய்தால் ரப்பரும் சுருங்கும், உலோகமும் ஆறும்போது சுருங்கும். பேட்ஜின் பின்கொக்கி ஒன்றும் ஒடிந்திருந்தது. கேட்டால், "பழயதல்லே" (பழசுதானே) என்கிறார்!

மூன்றாவது வாரம் அம்மிச்சியின் கழுத்தில் தடிப்பும் அரிப்பும். டாலரை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சியில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். தூய்மை பார்க்கும் இயந்திரத்தில் வைத்ததும் வெள்ளி என்றே காட்டியது. நல்லவேளை, அங்கிருந்த பையன் விவரமானவன். "மேல முலாம் இருந்தா இப்படித்தாண்ணா காட்டும்" என்று பின்பக்கத்தைக் கொஞ்சம் அரம் போட்டு மறுபடி வைத்தான். செம்பு, துத்தநாகம், நிக்கல். ஜெர்மன் சில்வர்! பெயரில் மட்டும்தான் சில்வர். அரிப்புக்குக் காரணமும் அந்த நிக்கல்தான்.

அரம் போட மனமில்லாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, டாலரை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். 32 கிராம் 92.5 வெள்ளி என்றால் தராசு 3.1 கிராம் காட்ட வேண்டும். என்னுடையது 3.7 காட்டியது; வெள்ளியைவிட லேசான உலோகம் அதே எடைக்கு அதிகத் தண்ணீரை ஒதுக்கும், அதனால் எண் கூடும். உள்ளே குழிவாக இருக்கும் உருப்படிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அப்புறம், 925 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் குத்தலாம். பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) முக்கோணம் இல்லாவிட்டால் அது ஹால்மார்க் ஆகாது. பில்லில் உலோகம், தூய்மை, எடை, கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று விசாரித்தபோது, முதலில் கேட்டதே பில்தான். அந்தத் துண்டுச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை.

இப்போது அவர் போனை எடுப்பதில்லை. மெழுகில் நிஜமாகவே செதுக்கத் தெரிந்த பத்தர் பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை பேட்ஜைக் கொடுக்கமாட்டேன், போட்டோ மட்டும்தான்.