ஃபிஜியா, கியூபாத்தா, செல்போஸா? சேலத்துப் பிள்ளைங்க எதுல ஆரம்பிக்கலாம்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே சேலத்துல பயோடெக், பேதாலஜி படிக்கிற பிள்ளைங்க கேக்கறது இதான்: ஸ்லைடு பாத்து படமும் எடுத்தாச்சு, இனி எதுல அளக்கறதுங்க? ஃபிஜி, செல்புரொஃபைலர், கியூபாத், செல்போஸ்னு மைக்ராஸ்கோப் படத்துல செல்லை எண்ணி அளக்கற சாஃப்ட்வேர் நாலு இருக்கு, நாலுமே இலவசம்தான், அதனால காசை வச்சு முடிவு பண்ண வேண்டியதில்ல.

என்னைக் கேட்டா முதல்ல ஃபிஜி, மத்ததெல்லாம் அப்புறம். 1997ல என்ஐஹெச்ங்கற அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல வேய்ன் ராஸ்பாண்ட் எழுதின இமேஜ்ஜேங்கற சாஃப்ட்வேர்தான் இதுக்கு அடிப்படை, அதுமேல ப்ளகின்ங்கற கூடுதல் கருவி எல்லாம் சேத்து கட்டினது ஃபிஜி. பழைய லேப்டாப்லயும் ஓடும். ஏன் இதுலன்னா, படம்ங்கறது நம்பருங்கன்னு இது மூஞ்சிக்கு நேரா காட்டிரும். ஃப்ளோரசன்ஸ் படத்துல டேப்பி (டிஎன்ஏல ஒட்டி நீலமா ஒளிர்ற சாயம்) போட்ட ஒரு நியூக்ளியஸ் மேல கர்சரை வைங்க, கீழ அந்த பிக்சலோட மதிப்பு வரும், 8 பிட் படத்துல 0ல இருந்து 255 வரைக்கும்தான் இடம். இப்ப லுக்கப் டேபிள்ல, அதாவது எந்த மதிப்புக்கு எந்த நிறம்ங்கற பட்டியல்ல, ஹைலோன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா 255 ஆன இடமெல்லாம் செவப்பா எரியும். நியூக்ளியஸ் நடுவுல செவப்பு தெரிஞ்சா எக்ஸ்போஷர் கூடிப்போச்சு, அந்த இடத்துல எவ்வளவு வெளிச்சம் இருந்துச்சுன்னு இனி எந்த சாஃப்ட்வேராலயும் சொல்ல முடியாது, திரும்பப் போய் படம் எடுக்க வேண்டியதுதான். இந்த ஒண்ணு கண்ணுக்குப் பழகிட்டாலே பாதி தீசிஸ் பொழைச்சிரும்.

ஆனா ஃபிஜிக்கு ஒரு குறை இருக்கு. ஒட்டிக்கிட்ட செல்லுங்களைப் பிரிக்க அதுல இருக்கற வாட்டர்ஷெட்ங்கற கட்டளையைப் போட்டா, இட்லித் தட்டுல ஒட்டின இட்லியைக் கத்தி வச்சுப் பிரிக்கிற மாதிரி சில சமயம் நல்லா வரும், சில சமயம் ஒரு முழு செல்லையே ரெண்டா அறுத்துரும்.

அங்கதான் செல்போஸ் ஜெயிக்குது. 2020ல அமெரிக்காவுல ஜனேலியா ஆராய்ச்சி மையத்துல இருந்து வந்தது, டீப் லேர்னிங், அதாவது நிறைய படம் பாத்துப் பழகின ஏஐ, கோணல்மாணலா இருக்கற செல்லைக்கூட ஓரம் புடிச்சு வரைஞ்சு குடுக்கும். கம்ப்யூட்டர்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இல்லாட்டி ரொம்ப மெதுவா ஓடும், அதுக்கு ஆன்லைன்ல ஜிபியு தர்ற கூகுள் கோலாப் போதும். என் கவலை என்னன்னா, பாக்க அழகா வந்துருச்சுன்னு பிள்ளைங்க சரிபாக்காம விட்டுர்றாங்க. கொஞ்சம் படத்தையாவது கையால எண்ணி ஒத்துப்பாக்கணும்ங்க, இதுல சலுகையே கெடையாது.

ஹெச் அண்ட் ஈ (வழக்கமான டிஷ்யூ சாயம்), கேஐ 67 (பெருகுற செல்லைக் காட்டற சாயம்) மாதிரி போட்ட டிஷ்யூ ஸ்லைடுன்னா யோசிக்காம கியூபாத். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் யுனிவர்சிட்டில பீட்டர் பேங்க்ஹெட் ஆரம்பிச்சது. ஸ்கேன் பண்ண முழு ஸ்லைடு ஜிபி கணக்குல இருந்தாலும் தொறக்கும், சாயம் ஏறின பாசிட்டிவ் செல் எத்தனை சதவீதம்னு குடுக்கும். நம்ம ஊர்ல நிறைய பேர் ஸ்கேனர் இல்லாம கேமராவுல, ஐபீஸ்ல செல்போன் வச்சு எடுக்கறாங்க, அதையும் தொறக்கும், ஆனா ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான்னு நீங்கதான் சொல்லணும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடை (அளவுகோல் கோடு போட்ட கண்ணாடி) அதே ஆப்ஜெக்டிவ் லென்ஸ்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க, ஒரு கோடு 10 மைக்ரான், கணக்கு முடிஞ்சுது. எடுத்த படத்தை வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாதீங்க, அது நசுக்கிரும், டாக்குமெண்டா அனுப்புங்க.

செல்புரொஃபைலர், ஒரே மாதிரி படம் நூத்துக்கணக்குல இருந்தா மட்டும். என்னென்ன வரிசையா செய்யணும்ங்கற பைப்லைனை ஒருதரம் கட்டினா எல்லாத்துக்கும் அதே அளவுகோல். பத்து படத்துக்கு அது தேவையே இல்ல.

இன்னொண்ணு, எந்த சாஃப்ட்வேரும் லென்ஸைத் தாண்டாது. 100எக்ஸ் ஆயில் ஆப்ஜெக்டிவ்ல என்ஏ (லென்ஸ் எவ்வளவு அகலமா வெளிச்சம் வாங்கும்ங்கற அளவு) 1.25 இருந்தா பச்சை வெளிச்சத்துல சுமார் 0.22 மைக்ரான் வரைக்கும்தான் ரெண்டு புள்ளி தனித்தனியா தெரியும், ஜெர்மன் விஞ்ஞானி அபே 1873லயே சொன்ன எல்லை அது. ஏற்காடு மாதிரி ஈரமான எடத்துல லேப் வச்சிருக்கவங்க லென்ஸ்ல பூஞ்சை புடிக்காம சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, மங்கின படத்துல நாலு சாஃப்ட்வேருமே தடுமாறும்.

சொந்த ஸ்லைடு இன்னும் ரெடியாகலன்னாலும் காத்திருக்க வேணாம், ஃபிஜில ஃபைல் மெனுவுல ஓப்பன் சாம்பிள்ஸ் போனா ப்ளாப்ஸ், ஹீலா செல்ஸ்னு படம் இருக்கு, மேக்ரோ ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு அதுல அளந்து பாருங்க, நீங்க அமுக்கின ஒவ்வொரு பட்டனும் எழுத்தா பதிவாகும், தீசிஸ்ல மெத்தட்ஸ் எழுதறப்ப அதைப் பாத்தே எழுதிரலாம்.