கன்ஃபோக்கலா, டூ-ஃபோட்டானா, லைட் ஷீட்டா: முப்பரிமாணப் படத்துக்கு எது?

மாதிரியில் ஏற்றிய சாயத்தை ஒளியால் ஒளிரவைத்துப் பார்ப்பவை ஒளிர்வு நுண்ணோக்கிகள்; கன்ஃபோக்கல், டூ-ஃபோட்டான், லைட் ஷீட் மூன்றும் இந்த வகைதான். இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் முதலில் கேட்பது, எத்தனை நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும் என்பதைத்தான். பக்கவாட்டில் சுமார் 200 நானோமீட்டர், ஆழவாக்கில் 500-க்கும் மேல். ஒளியின் அலைநீளத்தால் நுண்ணோக்கிக்கு வரும் வரம்பு என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பே 1873-ல் விளக்கியதையொட்டி வரும் கணக்கு இது. முப்பரிமாணப் படம் என்றால் நான் முதலில் கேட்பது வேறு. ஒரு முழுப் படம் எடுத்து முடிப்பதற்குள் மாதிரியின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது?

கன்ஃபோக்கலை எடுத்துக்கொள்வோம். மார்வின் மின்ஸ்கி 1957-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த உத்தி இது. இன்றைய கருவிகளில் லேசரை ஒரு புள்ளியில் குவித்து, அங்கிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியே உள்ளே விடுகிறார்கள். மேலும் கீழும் இருந்து வரும் மங்கல் ஒளி துளையில் நின்றுவிடும், படம் கூர்மையாகக் கிடைக்கும். ஆனால் துளை வடிகட்டுவது திரும்பி வரும் ஒளியை மட்டுமே. உள்ளே போகும் லேசர் மாதிரியின் முழுத் தடிமனையும் ஊடுருவித்தான் போகிறது. முப்பரிமாணப் படம் என்பது அடுக்கடுக்காக எடுத்துச் சேர்ப்பது. 100 அடுக்குகள் எடுத்தால் ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 100 முறை லேசரில் காய்கிறது. அதில் ஒரே ஒரு முறைதான் அது படமாகிறது. சாயம் வெளுக்கிறது, உயிருள்ள செல் நலிகிறது. பதப்படுத்திய மெல்லிய திசுச் சீவலுக்கு இது பெரிய குறை இல்லை. அங்கே இன்றைக்கும் கன்ஃபோக்கல்தான் என் முதல் தேர்வு. வழக்கமான ஸ்லைடே போதும், இயக்கத் தெரிந்தவர்களும் எளிதில் கிடைப்பார்கள்.

டூ-ஃபோட்டான் முறை இந்தச் சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கிறது. இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒரு மூலக்கூறு ஒரே நேரத்தில் உறிஞ்ச முடியும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931-ல் கணித்தார். 1990-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் அதை நுண்ணோக்கியில் செய்து காட்டினார்கள். அகச்சிவப்பு லேசர் குவியும் இடத்தில் மட்டும்தான் ஒளிர்வு எழும், ஊசித்துளையே தேவையில்லை. ஒளிர்வு அங்கிருந்து மட்டுமே வருவதால், திசுவிலிருந்து வெளியேறும்போது சிதறிய ஒளியும் கணக்கில் சேரும். உயிருள்ள எலியின் மூளைக்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழத்தில் நியூரான்களைப் பார்க்க இதுதான் பரவலான வழி. அலைநீளம் கூடுவதால் கூர்மை கொஞ்சம் குறையும். இதற்கு வேண்டிய, மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் ஃபெம்டோ நொடி லேசரின் விலையோ மலைக்க வைக்கும்.

அப்புறம் லைட் ஷீட். ஓட்டு வீட்டுக்குள் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பது பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியுமே, அதே தத்துவம். ஜீடன்டோஃப், ஜிக்மோண்டி இருவரும் 1903-லேயே இப்படிப் பக்கவாட்டு ஒளியால் நுண்துகள்களைப் பார்த்தார்கள். 2004-ல் ஹைடல்பெர்க்கில் ஹுயிஸ்கன், ஸ்டெல்சர் குழு இதை உயிருள்ள கருக்களுக்குக் கொண்டுவந்தது. பார்க்கும் தளத்தில் மட்டும் மெல்லிய ஒளித்தகடு விழுகிறது. கேமரா அந்தத் தளம் முழுவதையும் ஒரே வீச்சில் பிடிக்கிறது. 2008-ல் ஜீப்ரா மீன் கரு ஒன்றின் செல் உட்கருக்களை முதல் 24 மணி நேரமும் பின்தொடர முடிந்தது இதனால்தான். கன்ஃபோக்கலில் அத்தனை நேரம் அத்தனை அடுக்குகள் எடுத்தால் கரு தாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தகட்டை மெலிதாக்கினால் அது மெலிதாக இருக்கும் அகலமும் சுருங்கும். அதனால் சாதாரண லைட் ஷீட்டின் ஆழக்கூர்மை கன்ஃபோக்கலுக்குக் கீழேதான் நிற்கும். 2014-ல் எரிக் பெட்சிக் குழு கொண்டுவந்த லேட்டிஸ் என்ற லைட் ஷீட் வகை தனிச் செல்களின் அளவில் இதைப் பெருமளவு சரிசெய்தது. கருமையான பகுதிகளுக்குப் பின்னால் நிழல் கோடுகள் விழும். ஒளிபுகாத திசுவென்றால் வேதிப்பொருளால் அதைத் தெளிவாக்க வேண்டும், அப்போது அது உயிருள்ள மாதிரி அல்ல.

ஸ்டெட் போன்ற மீத்தெளிவு முறைகள் 200 நானோமீட்டர் வரம்பைத் தாண்டுபவை. ஆனால் அவை கேட்கும் லேசர் வலிமை மிக அதிகம். வளரும் கருவுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீன் கரு, பழ ஈக் கரு, வேர் நுனி என்று வளர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் தயங்காமல் லைட் ஷீட். ஒன்று மட்டும்: ஒரே சோதனை பல டெராபைட் தரவைக் கொட்டும். கருவிக்கு விலை கேட்கும் அன்றே சேமிப்பகத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.