நான்கு நாள் கறுப்புத் திரை, அப்புறம் இரண்டரை வருடம்: கொடைக்கானலில் என் ஆர்டிஎக்ஸ் 3060

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கணினியில் திரைக்குப் படம் தரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. இன்றைக்கு யார் கேட்டாலும் நல்ல கார்டு என்றுதான் சொல்வேன். ஆனால் முதல் நான்கு நாள் அதிலிருந்து ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை. இங்கிருந்து மதுரைக்கு 120 கிலோமீட்டர். ஒரு பொருளை மாற்றிவரப் போனால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. கடையில் கொடுத்த அவகாசமோ ஏழே நாள்.

முன்பு இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. குட்டிக் கார்டு, 75 வாட்டுக்குள் ஓடும், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டில் வரும் கரண்டே அதற்குப் போதும். 3060 அப்படியில்லை, 170 வாட் கேட்கும், தனி 8 பின் கேபிளும் வேண்டும். அதற்காகவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். மதுரையிலிருந்து மச்சான் கடைசி பஸ்ஸில் இரண்டையும் கொண்டுவந்தார். இரவோடு இரவாக மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, கீபோர்டு விளக்கு எரிந்தது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. மதர்போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு சின்ன விளக்குகளில் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று காட்டும் ‘விஜிஏ’ என்ற விளக்கு அணையாமல் நின்றது.

கடைக்குப் போன் செய்தால், "இங்கே டெஸ்ட் பண்ணித்தான் கொடுத்தோம், உங்க போர்டு போயிருக்கும், புதுசு போட்டுருங்க" என்றார்கள். போர்டு, ப்ராசஸர், ரேம் என்று அது எங்கே போய் நிற்கும் என்று தெரியும். இதை நம்பி எத்தனை பேர் நல்ல போர்டைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

மறுநாள் பழைய 1050 டிஐயைத் திரும்ப மாட்டினேன். படம் வந்தது. அப்படியென்றால் போர்டு, ரேம், மானிட்டர், எச்டிஎம்ஐ கேபிள் எல்லாமே சரி. அப்புறம் புதுக் கார்டைத் தெரிந்த தம்பியின் பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப்போய் அவருடைய மெஷினில் போட்டோம். அங்கேயும் படம் வந்தது. போர்டும் நல்லது, கார்டும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் இருட்டு. தம்பிதான் சொன்னார்: "அண்ணே, அப்போ ரெண்டுக்கும் நடுவுலதான் ஏதோ இருக்கு."

நடுவில் இருப்பது கரண்டும் ஸ்லாட்டும்தான். கரண்டை முதலில் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கேபிள் இரண்டு வகை வரும். 4+4 என்று பிரிவது ப்ராசஸருக்கு, 6+2 என்று பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அழுத்தித் திணிக்கவே கூடாது. நான் சரியான கேபிளைத்தான் போட்டிருந்தேன். பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மறுபடி போட்டேன். பழைய கார்டை மாட்டி, யுபிஎஸ்ஸில் வைத்து, பயாஸையும் புதுப்பித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள் கேபினெட்டைப் படுக்கவைத்து, போன் டார்ச்சை ஸ்லாட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். கார்டின் தங்கநிறப் பற்கள் முன் முனையில் முழுக்க உள்ளே இருந்தன. வால் முனையில் மட்டும் ஒரு நூல் அளவு வெளியே மின்னியது. அந்த முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியும் மூடவில்லை. காரணம் கேபினெட்டின் பின்பக்கத் தகடு. கார்டைக் கேபினெட்டோடு திருகும் உலோகப் பட்டை பழைய கார்டுக்கு ஒன்றுதான், புதியதற்கு இரண்டு. இரண்டாவது பட்டை தகட்டு மடிப்பில் இடித்துக் கார்டைத் தூக்கிப் பிடித்திருந்தது. போர்டின் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, போர்டை ஒரு மயிரிழை நகர்த்தி, கார்டை இரண்டு கட்டைவிரலால் சமமாக அழுத்தினேன். ‘டக்’ என்று கொக்கி விழுந்தது. சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

கார்டுக்கான மென்பொருளான டிரைவரைப் போடும்போது திரை சில நொடி கறுத்துத் திரும்பும். பயந்து சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

அதன்பின் ஒரே ஒருமுறை பிரச்சினை வந்தது. அது நம் ஊருக்கே உரியது. ஐப்பசி மழையில் பத்து நாள் என் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி ‘நோ சிக்னல்’. இந்தத் தடவை கொக்கி சரியாக இருந்தது. கார்டைக் கழற்றினால் பற்களின் மேல் மூச்சுவிட்ட கண்ணாடிபோல ஒரு மங்கல். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டினேன், சரியாகிவிட்டது. மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் வந்து உட்காரும் ஊர் இது. இப்போது வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரமாவது மெஷினை ஓடவிடுகிறேன். அணைத்த சூடு ஆறாமல் உறை போடுவதில்லை.

மற்றபடி கார்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே கிளிப்புகளுக்குக் கலர் போடும்போது முன்பு நின்று நின்று ஓடும், இப்போது அப்படியே ஓடுகிறது. 12 ஜிபி நினைவகத்தின் அருமை அங்கேதான் தெரிகிறது. வாங்குகிறவர்கள் பெட்டியைக் கட்டாயம் திருப்பிப் பாருங்கள்: இதே 3060 பெயரில் 2022-இல் 8 ஜிபி வகை ஒன்றும் வந்தது. அதன் நினைவகப் பாதை (ஒரே நேரத்தில் தரவு ஓடும் அகலம்) 128 பிட், 12 ஜிபி கார்டில் 192 பிட். இரண்டும் ஒன்றல்ல.

குளிரூர் என்பதால் கார்டு சூடே ஆகாது என்று நினைக்கவேண்டாம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு லேசு, அதனால் ஃபேன் அள்ளித்தள்ளும் வெப்பமும் குறையும். எக்ஸ்போர்ட் ஓடும்போது என் கார்டு 64, 65 டிகிரியில் நிற்கிறது. கரண்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. காற்றடித்து மரம் லைன்மேல் சாய்ந்தால் போச்சு. பழைய 600 விஏ யுபிஎஸ் எக்ஸ்போர்ட் நடுவில் இரண்டு முறை கைவிட்டபின் 1,100 விஏ மாற்றினேன்.

இப்போது விடியற்காலையில் ஆன் செய்தால் ஒரு ஃபேன் முதல் இரண்டு நிமிடம் லேசாக உரசுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. மூன்று வருட வாரண்டி முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் மதுரைக்கு எடுத்துப்போய்க் காட்டப் போகிறேன். அதுவரை வேலை ஓட, பழைய 1050 டிஐயை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.