டீஸ் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? கோச்சிங்கில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

டீஸ் கோச்சிங்குக்கு நான் கொடுத்த 385 டாலர் இனி திரும்பி வராது என்று நேற்று இரவுதான் உறுதியானது. இன்று காலை அந்தக் கோச்சிங்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் 'இந்தக் கோச்சிங்கில் சேரலாமா?' என்று கேட்டிருந்தார். 'வேண்டாம், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்' என்று பதில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் எண்கூட என்னிடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நர்சிங் சேர நிறையக் கல்லூரிகள் டீஸ் (TEAS) என்கிற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கின்றன. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று நான்கு பகுதி, மொத்தம் 170 கேள்வி, 209 நிமிடம். நான் படிப்பை விட்டு 14 வருடம் ஆகிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்குத்தான் புத்தகத்தைத் திறக்க முடியும். யாராவது கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

அப்போதுதான் இந்த ஆன்லைன் பயிற்சி நடத்துபவர் கிடைத்தார். முதல் போனிலேயே தமிழில் பேசினார். "அக்கா, கவலையே படாதீங்க, எங்க அம்மாவும் நர்ஸ்தான், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார். அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். என் ஆங்கிலத்தைப் பற்றி நான் தயங்கியதும், "நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் பாஸ் பண்ணியிருக்காங்க" என்று தைரியம் சொன்னார். 80-க்குக் குறைந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாகவும் சொன்னார். கார்டில் கட்டினால் 450 டாலர், வங்கிச் செயலி வழியாகப் போன் எண்ணுக்கு நேராக அனுப்பினால் 385. வீட்டுக்காரர் "கார்டிலேயே கட்டேன்" என்றார். நான்தான் கேட்கவில்லை. 65 டாலர் மிச்சம் என்று பார்த்தேன். இவ்வளவு அன்பாகப் பேசுகிற தம்பி ஏமாற்றுவான் என்று அந்த நிமிடம் நினைக்கவே தோன்றவில்லை.

மூன்று மாதம் அவர்கள் கொடுத்த வினாவங்கியை வரி விடாமல் போட்டேன். வாசிப்பில் 53 கேள்விக்கு 64 நிமிடம், ஆங்கிலத்தில் 28 கேள்விக்கு 28 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பழகினேன். அறிவியலில் "உடற்கூறியல்தான் அக்கா எல்லாமே, வேதியியலை மேலோட்டமா பாத்தா போதும்" என்றார். அப்படியே செய்தேன்.

தேர்வு அன்று திரையைப் பார்த்ததும் கை சில்லிட்டுவிட்டது. வாசிப்பில் 45 கேள்வி, 55 நிமிடம். ஆங்கிலத்தில் 37 கேள்வி, 37 நிமிடம். பொருந்துகிற விடைகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்கிற கேள்வி, படிகளை இழுத்து வரிசைப்படுத்துகிற கேள்வி, படத்தில் சரியான இடத்தைத் தொடுகிற கேள்வி. இதில் ஒன்றைக்கூட மூன்று மாதத்தில் நான் பார்த்ததில்லை. அறிவியலில் வேதியியலும் உயிரியலும் மாறி மாறி வந்தன. எனக்குக் கிடைத்தது 57.3.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 2022 ஜூனிலேயே டீஸ் ஏழாம் பதிப்புக்கு மாறிவிட்டது. எனக்கு விற்றது ஆறாம் பதிப்பின் கேள்விகள். பழைய முறையில் அறிவியலில் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளும் 47 கேள்விகளில் 32 உடற்கூறியல். இப்போது 44-ல் 18தான். இரண்டு பதிப்பிலும் மொத்தம் அதே 170 கேள்வி, அதே 209 நிமிடம். அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இதைத் தொழிலாகவே செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் நாள், "மீட்டிங்ல இருக்கேன் அக்கா, சாயங்காலம் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. பிறகு சப்போர்ட் என்று ஒரு எண் கொடுத்தார்கள். அதில், வீடியோக்களை நூறு சதவீதம் முடித்திருந்தால்தான் பணம் திரும்பும், நான் முடித்தது 96 சதவீதம் என்றார்கள். மிச்சம் நாலு சதவீதம் எது என்று கேட்டேன். ஓடாத இரண்டு வீடியோக்கள்! அவை ஓடவில்லை என்று நானே முதல் மாதத்தில் அவர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அதன் படத்தையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில், "இன்னும் மூணு மாசம் இலவசமா எக்ஸ்டென்ட் பண்ணித் தர்றோம்." பழைய கேள்விகளை இன்னும் மூன்று மாதம் படித்து நான் என்ன செய்ய? அடுத்த சேர்க்கைக்கான கடைசித் தேதியும் போய்விட்டது.

வங்கியில் கேட்டேன். நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப வாங்கித் தர முடியாது என்று நேற்று சொல்லிவிட்டார்கள். 385 டாலர். மளிகைச் செலவில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். பணம் கட்டும் முன் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். வாசிப்பில் 53 கேள்வி என்று இருந்தால் அது பழையது. தேர்வு நடத்தும் ஏடிஐ (ATI) நிறுவனத்தின் தளத்தில் எந்தப் பகுதிக்கு எத்தனை கேள்வி என்று இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், வேறு வழியில் கட்டினால் தள்ளுபடி என்றாலும் சரி. பணம் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது செல்லாது. எத்தனை முறை எழுதலாம், இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதைக் கல்லூரியிலேயே கேளுங்கள், கோச்சிங்காரர்களிடம் கேட்காதீர்கள்.

அந்தக் குழுவில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், காலையில் கேட்ட அந்தப் பெண்ணுக்குத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.